நாற்றம் நின்றபோது

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும், இந்தத் தாள் உன் கைக்கு வந்து சேருகிற நேரத்திலும் அப்படியே இருக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாள் தாளாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் போன் வருகிற நேரம் பார்த்து அப்பா கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் வாயைத் திறந்தாலே, அவளைப் போட்டுப் பயமுறுத்தாதே என்று கண்ணாலேயே சொல்கிறார். நீயோ கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற இரும்பு மேடையில் நின்றுகொண்டு, காற்று இரைச்சலில் "கேக்கலம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். சாமான் படகில் தபாலும் வரும் என்று நீதானே சொன்னாய், அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் சாப்பிட்டுவிட்டு வந்து படி. சாப்பிடாமல் மட்டும் படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸ் வந்து நடங்க நடங்க என்று சொன்னால், "நீ நடந்து காட்டு, நான் படுத்தபடியே பாத்துக் கத்துக்கறேன்" என்று பதில் சொல்கிறாளாம், ஆஸ்பத்திரியே சிரிக்கிறது. உன் அறை ஜன்னல் கதவு பெயர்ந்து தொங்கியது, பக்கத்து வீட்டு வெல்டர் வந்து சரி செய்து கொடுத்தார். எதைக் கேட்டாலும் முதலில் ஆகாது என்று சொல்லிவிட்டுப் பிறகு செய்து கொடுக்கிற அதே பழக்கம் இன்னும் போகவில்லை. அவருடைய மகள் இந்த வருஷம் என் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறாள். முன்பல் இரண்டும் பெரிது என்று பிள்ளைகள் முயல்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவளுக்கும் அதில் கோபம் கிடையாது, எந்தப் பாடம் நடத்தினாலும் நோட்டு ஓரத்தில் ஒரு முயலை வரைந்து வைக்கிறாள். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவளுக்கு இழுப்பு. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீதி ஏறுவாள். அவளைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நீ இங்கே இருந்தவரை நம் வாயு பிளாண்டில் தெருவே மெழுகுவத்தி என்று கூப்பிடுகிற தீ அணைந்து நீ பார்த்ததே இல்லை. அந்த உயரமான குழாயின் உச்சியில் வேண்டாத வாயு எரிந்துகொண்டே இருக்கும், துணி காயப்போட்டால் கரி படியும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சுவரைத் துடைக்க வேண்டும், அது நம் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்ட ஒன்று. போன வருஷம் கம்பெனி அதை அணைத்தது. எரித்து வீணாக்குகிற வாயுவைப் பிடித்து, அழுத்தி, மறுபடியும் பிளாண்டுக்குள்ளேயே திருப்பி அனுப்புகிற புது கம்ப்ரசர் ஒன்று வந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பெரிய விழா எடுத்தார்கள், மரக்கன்று நட்டார்கள், மேனேஜர் நட்ட கன்றை அவர் பேசி முடிப்பதற்குள் ஒரு ஆடு தின்றுவிட்டது. சிரித்தோமே தவிர வேலை நல்ல வேலைதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்ந்தது. கம்பெனியில் சுற்றுச்சூழல் அதிகாரியாக ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். வாரம் தவறாமல் கால்வாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவதால் தெருவில் அவளுக்குப் பாட்டில் பொண்ணு என்று பெயர். அவள் நம் பள்ளிக்கூட மாடியில் காற்றை அளக்கிற பெட்டி ஒன்றை வைத்தாள். காற்று சுத்தமானது எந்தப் பெட்டியும் இல்லாமலேயே எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் முயல்குட்டி ஒரு நாள் மாடிப்படியை நிற்காமல் ஏறி வந்துவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டு நின்றாள். அந்த கம்ப்ரசரில் உன் அப்பாவைத்தான் ஆபரேட்டராகப் போட்டார்கள். எனக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. எரிகிறவரை அது வெளியே எரிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. அணைந்த பிறகு அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன், "கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் பயந்தா கல்யாணமே பண்ணிக்க முடியாது" என்று கிண்டல் செய்தார்.

பிளாண்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை நடத்துவது வழக்கம். சேஃப்டி ஆபீசர் வருவார், மாடியில் காற்றுத் திசை காட்டுகிற துணிப்பை ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார், ஆரஞ்சு நிறத்தில் ஊதிக்கொண்டு நிற்கும், பிள்ளைகளுக்கு அது யானைத் தும்பிக்கை. தும்பிக்கை நீட்டுகிற பக்கம் போகக் கூடாது, குறுக்கே போக வேண்டும், மேட்டுக்குப் போக வேண்டும், ஓடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். கிளம்பும்போது ஆசிரியர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்று சொன்னார். "வாயு கசிஞ்சா அழுகின முட்டை நாத்தம் வரும், அது வரவரைக்கும் பரவாயில்லைங்க. திடீர்னு நாத்தம் நின்னுடுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. காத்து சுத்தமாயிடுச்சுன்னும் இருக்கலாம், மூக்கு செத்துப்போச்சுன்னும் இருக்கலாம். அந்த வாயு அதிகமானா மூக்குதான் முதல்ல போகும்." இதை அவர் டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். சின்ன லீக், உடனே அடைத்துவிட்டார்கள் என்று நாங்கள் போனில் சொன்ன நாள் அது. முதல் பீரியட் நடந்துகொண்டிருந்தது, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிளாண்டில் அபாயச் சங்கு ஊதியது. ஒத்திகைக்கான நாள் இல்லை. பெரிய டீச்சர் நடையில் வந்து, "சொல்லாம ஒத்திகை வச்சிருக்காங்க போல, வரிசையா மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அதற்குள் நாற்றம் வந்துவிட்டது. பின் பெஞ்சில் ஒருத்தன் பக்கத்துப் பையனைக் காட்டி மூக்கைப் பிடித்தான், வகுப்பே சிரித்தது, கண்ணு, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் வெளியே வந்து மாடியைப் பார்த்தேன். தும்பிக்கை மைதானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதாவது பிளாண்டிலிருந்து கிளம்புகிற காற்று பள்ளிக்கூடத்தைத் தாண்டி நேராக மைதானத்துக்குத்தான் போகிறது, அதுவும் வாயு தேங்குகிற பள்ளமான இடம். நான் பெரிய டீச்சரிடம், "மைதானம் வேண்டாங்க, பக்கவாட்டு கேட்டு வழியா தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், "சரி, நீங்க முன்னாடி போங்க, நான் கடைசி வகுப்போட வரேன்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு வகுப்பாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாவை நான் கறாரான ஆள் என்று பல தரம் உன்னிடம் குறை சொல்லியிருக்கிறேன், இனிமேல் சொல்ல மாட்டேன்.

பக்கவாட்டு கேட்டில் பூட்டு தொங்கியது. சைக்கிள் திருட்டுப் போகிறது என்று எப்போதும் பூட்டி வைப்பதுதான், சாவி காவல்காரரிடம், காவல்காரர் எங்கே என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் பள்ளிக்கூடம் முழுவதும் வரிசையாக நிற்கிறது. அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே வெல்டர் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து வந்து, இன்ஜினை நிறுத்தாமலேயே, "என் பொண்ணைக் குடுங்க டீச்சர், அவளுக்கு மூச்சு" என்று கத்தினார். வாயு பரவியிருக்கிற இடத்தில் இன்ஜின் ஓடினாலே பற்றிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். நான் கம்பிக்குள் கையை விட்டு, "வண்டிய நிறுத்துங்கண்ணா, உங்க பொண்ணு என் கையப் புடிச்சிட்டு நிக்கிறா பாருங்க, முதல்ல வண்டிய நிறுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் மகளைப் பார்த்தார், சாவியைத் திருகி எடுத்தார். பூட்டை உடைக்க ஒரு கல்லைத் தூக்கினார், இரும்பில் அடித்தால் பொறி வரும் என்று அவருக்கே தோன்றி, கல்லைப் போட்டுவிட்டார். பிறகு கீல் பக்கம் போய்க் குனிந்து, தோளைக் கொடுத்து, கேட்டை அப்படியே கொக்கியிலிருந்து மேலே தூக்கிக் கழற்றிச் சாய்த்துப் பிடித்தார். பிள்ளைகள் அவருடைய கைக்கு அடியில் நுழைந்து ஒவ்வொருத்தராக வெளியே போனார்கள். தன் மகள் போனபோதுகூட அவர் கேட்டை விடவில்லை.

தொட்டி மேட்டுக்கு ஏறுகிற வழியில் பாதி தூரத்தில் நாற்றம் நின்றது. அதைவிடப் பெரிய பயம் என் வாழ்க்கையில் வந்ததில்லை, உன்னைப் பெற்றபோதுகூட இல்லை. காற்று திரும்பிவிட்டதா, இல்லை என் மூக்கு செத்துவிட்டதா. அதை எப்படித் தெரிந்துகொள்வது. பயத்தைக் காட்டினால் பிள்ளைகள் சிதறி ஓடுவார்கள். நான் விளையாட்டுப் போலக் கேட்டேன், "யாருக்கெல்லாம் இன்னும் நாத்தம் வருது, கை தூக்குங்க பாப்போம்." ஒருத்தரும் தூக்கவில்லை. அப்புறம் முயல்குட்டி மெதுவாகக் கையைத் தூக்கி, "எனக்கு லேசா வருது டீச்சர்" என்றாள். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அந்த நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அவளுக்கு வருகிறது என்றால் எனக்கும் வரவேண்டுமே. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைக் கைகோர்த்து நடக்கச் சொல்லி, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் மேட்டை அடைந்தோம். அங்கே காற்று வேறு மாதிரி அடித்தது. தொட்டியிலிருந்து கசிந்த பாசித் தண்ணீரின் வாசனை எனக்கு வந்தது. அந்தச் சாக்கடை மாதிரியான வாசனையை நான் ஆசையாக இழுத்து இழுத்து முகர்ந்தேன். பிள்ளைகளை எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன், எல்லோரும் இருந்தார்கள். அதன் பிறகுதான் உன் அப்பா உள்ளே இருக்கிறார் என்கிற நினைப்பே வந்தது. அதற்கு முன்னால் வரவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்பாவுக்கு என்ன நடந்தது என்று அவர் வாயால் எனக்குச் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் சொல்லித்தான் தெரியும். கம்ப்ரசரின் சுழல்கிற தண்டைச் சுற்றி வாயு வெளியே வராமல் பிடித்திருக்கிற அடைப்பு, அதைத்தான் நீங்கள் சீல் என்கிறீர்கள், அது விட்டுப்போனது. நெஞ்சில் மாட்டியிருக்கிற சின்னக் கருவி அலறியதும் அப்பா நிறுத்துகிற பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார். அப்போதுதான் பாட்டுக்காரர் பின்னால் வரவில்லை என்று பார்த்திருக்கிறார். உனக்கு ஞாபகம் இருக்கும், வேலை செய்துகொண்டே பாடுவாரே, அவர். அப்பா காற்று உருளையை முதுகில் மாட்டி, முகமூடியைப் போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே போய், விழுந்து கிடந்தவரை இழுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு, வால்வை மூடினார். பாட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார், சாப்பிடுகிறார், பேச்சு கொஞ்சம் தடுமாறுகிறது. பாடுவதில்லை. பாடச் சொன்னால் வரி மறந்துவிட்டது என்கிறாராம். அன்று அப்பா வீட்டுக்கு வந்து குளித்தார், குளித்துக்கொண்டே இருந்தார், நான் கதவைத் தட்டியபோது "சோப்பு போகல" என்றார். பிறகு வந்து உட்கார்ந்து, "சின்ன லீக்னு மட்டும் புள்ளைக்குப் போன்ல சொல்லு, வேற ஒண்ணும் சொல்லிடாத" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

கம்பெனி அந்த கம்ப்ரசரை நிறுத்திப் பூட்டியது, மெழுகுவத்தியை மறுபடியும் ஏற்றியது. நீ நம்ப மாட்டாய், தெருவே வாசலுக்கு வந்து நின்று அதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டது, தொலைந்துபோன வீட்டு ஆள் திரும்பி வந்த மாதிரி. துணியில் கரி படிந்தபோது ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே முயல்குட்டி மாடிப்படியில் மறுபடியும் பாதியில் நின்றாள். பாட்டில் பொண்ணு மாடியில் இருக்கிற பெட்டியைப் பார்க்க வந்தவள், திரும்பிப் போகாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தேன், என்ன என்று கேட்டேன். "அந்த கம்ப்ரசர் வேணும்னு மேல சண்டை போட்டு வாங்கினது நான்தான் டீச்சர். எரியக் கூடாது, எரியக் கூடாதுன்னே பாத்துட்டு இருந்தேன். பக்கத்துல நிக்கிற ஆளைப் பாக்கல" என்று சொல்லிவிட்டு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். ஹெல்மெட் அழுத்தி முடியில் ஒரு வளையம் பதிந்திருந்தது. திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்தேன். தண்ணீர் கொடுத்தேன், அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது விரல் ஓட்டையைத் தேடித் தேடித் தவறியது. நான் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிட்டார். சாப்பிடும்போது திடீரென்று தட்டை முகர்ந்து பார்ப்பார். குக்கர் சத்தம் போட்டால் எழுந்துவிடுவார். முட்டை வாங்குவதையே நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை நான் பயந்து பார்த்ததில்லை, அதனால் அவர் பயப்படுகிறார் என்பதையே புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. நான் கேட்டால் "உடம்பு கொஞ்சம் சரியில்ல" என்பார். பயம் என்கிற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அந்த நேரத்தில்தான் புது சீல் வந்துவிட்டது, கம்ப்ரசரை மறுபடியும் ஓட்டப் போகிறார்கள், பழகின கை வேண்டும் என்று அப்பாவையே கேட்டிருக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. என்னிடம் அவர் சொல்லவில்லை, காய்கறி வாங்கப் போன இடத்தில் அடுத்தவர் சொல்லி நான் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளின் பெஞ்சில்தான் எல்லோரும் உட்கார வேண்டியிருந்தது, மேனேஜரும் முழங்கால் தாடையில் இடிக்க ஒரு குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பார்க்கப் பாவமாக இருந்தது. இனிமேல் ஒன்றுக்கு இரண்டு சீல், புது அலாரம், பள்ளிக்கூடத்துக்குச் சாவி இல்லாமல் திறக்கிற கேட் என்று சொல்லிவிட்டு, வருகிற திங்கட்கிழமை ஓட்டுகிறோம் என்றார். உடனே சத்தம் கிளம்பியது. மெழுகுவத்தியே இருக்கட்டும், கரியோடு நாங்கள் வாழ்ந்துகொள்கிறோம் என்று பாதிப்பேர் கத்தினார்கள். வெல்டர் எழுந்து, "கரியோட வாழறது நீங்க இல்ல, என் பொண்ணு" என்றார். நான் எழுந்து, "ஓட்டுங்க, ஆனா பள்ளிக்கூடம் நடக்கிற நாள்ல ஓட்டாதீங்க, லீவு வரட்டும்" என்றேன். மேனேஜர் தேதி மேலிடத்தில் முடிவானது, மாற்றுவது கஷ்டம் என்றார். அப்போது என் பின்னால் பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா எழுந்து நிற்கிறார். எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்து நீ பார்த்திருக்க மாட்டாய், நம் வீட்டுக் கல்யாணத்தில்கூட அவர் பேச வேண்டியதை நான்தான் பேசினேன். சட்டையின் கீழ்ப்பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், எனக்குப் பயமா இருக்கு" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. "சீல் நல்லதாத்தான் இருக்கும். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதுகிட்ட போய் நின்னா என் கை நடுங்குது. நடுங்குற கையால பொத்தானை அழுத்தினா என்ன ஆகும்னு தெரியல. முதல்ல பத்திக்காத வாயுவ விட்டு ஓட்டிக் காட்டுங்க, என் கண்ணால பாக்கணும். ரெண்டாவது, அங்க ஆளுக்கொரு மூலைல ஒத்தையா நிக்க வைக்காதீங்க, ரெண்டு பேரா சேந்து நிக்கணும். அன்னிக்கு அவன் விழுந்தது எனக்குத் தெரியாம போச்சு." அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பின்வரிசையிலிருந்து இன்னொரு ஆபரேட்டர், வயதில் சின்னவர், "எனக்கும் அப்படித்தான் சார். சொன்னா வேற ஆளைப் போட்டுடுவீங்கன்னு சொல்லல" என்றார். அதன் பிறகு இன்னொருவர். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அந்தச் சோதனை எங்க திட்டத்துலயும் இருந்ததுதான். நாள் போதலன்னு எடுத்துட்டோம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் அதை மறைக்காமல் சொன்னதை நான் மதிக்கிறேன், ஆனால் அதைக் கேட்டபோது என் முதுகில் ஓடிய குளிர் இன்னும் போகவில்லை.

தேதியைத் தள்ளி வைத்தார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் பற்றிக்கொள்ளாத வாயுவை விட்டு ஓட்டிச் சோதித்தார்கள், அப்பாவும் மற்ற ஆபரேட்டர்களும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், எங்கும் ஒரு கசிவும் இல்லை, எல்லாம் சரியாகவே இருந்தது. அதனால் அப்பாவைக் கேலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள், டீக்கடையில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்களாம், இவரே வந்து சொல்கிறார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறாராம். நிஜமாக ஓட்டிய அன்று நான் வீட்டு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, பிறகு சாத்தினால் நாற்றம் தெரியாதே என்று திறந்துவிட்டு, பிறகு மறுபடியும் சாத்தி, பைத்தியக்காரி மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மெழுகுவத்தி குட்டையாகி, நீலமாகி, அணைந்தது. வெற்றுக் குழாய் மட்டும் நின்றது. அப்பா வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "ஓடுது" என்றார். அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது எப்போதும் அங்கே இரண்டு பேர் சேர்ந்தே நிற்கிறார்கள், பாட்டில் பொண்ணும் தண்ணீர் பிடிக்கப் போகிற வழியில் ஒரு தரம் அங்கே நின்று அவர்களிடம் பேசிவிட்டுத்தான் போகிறாளாம். முயல்குட்டிக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. எனக்குத்தான் பயம் குறையவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும், மூச்சை இழுத்துப் பார்ப்பேன், ஒரு நாற்றமும் இருக்காது, அதுவே பயமாக இருக்கும், பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் சாக்பீஸ் வாசனை வருகிறதா என்று கேட்பேன், வருது டீச்சர் என்று சொன்ன பிறகுதான் அடுத்த வரியை எழுதுவேன். இந்த ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் போனா அந்த இடத்துல வேற ஒருத்தன் நிப்பான், அவனும் பயந்துட்டுச் சொல்லாம நிப்பான்" என்றார்.

இவ்வளவையும் உனக்கு எதற்கு எழுதினேன் என்றால், போன வாரம் போனில் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். உங்கள் மேடையிலும் இதே மாதிரி எரிகிற வாயுவைப் பிடிக்கிற கம்ப்ரசரை நீதான் ஓட்டப் போகிறாய், எல்லாம் தயார், ஒரு பழைய ஃபிட்டர் மட்டும் அதைச் சும்மா சுற்றிச் சுற்றி வருகிறார், தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார், கேட்டால் ஒன்றுமில்லை மேடம் என்கிறார், அவரால்தான் வேலை தள்ளிப்போகிறது என்று. நீ சொன்னபோது அப்பா பக்கத்தில் இருந்தார். போனை வைத்த பிறகு சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நீ எரிவதை நிறுத்தப் போகிறாய், நல்ல காரியம், எனக்குப் பெருமைதான், கடலுக்கும் காற்றுக்கும் நல்லது செய்கிற வேலை என் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே தொட்டி மேடு கிடையாது கண்ணு, சுற்றிலும் தண்ணீர், நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன மாதிரி குறுக்கே நடந்து போக வழி கிடையாது. அந்த மனிதரிடம் நீ போ. மேடம் என்கிற தோரணையை வைத்துவிட்டுப் போ, ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்றால் போட்டுக்கொண்டே போ. உங்களுக்குப் பயமா இருக்கா என்று கேள். உடனே இல்லை என்பார், எல்லா ஆண்களும் அப்படித்தான் சொல்வார்கள், உன் அப்பா சொல்ல எத்தனை நாள் ஆனது என்று நான்தான் பார்த்தேனே. இல்லை என்றதும் திரும்பி வந்துவிடாதே. அங்கேயே நில். அவருக்குப் பக்கத்தில் நின்று அவர் பார்க்கிறதை நீயும் பார். ஒன்றும் இல்லாமலே இருக்கட்டும், அவர் பயம் வீண் பயமாகவே இருக்கட்டும், உன்னைக் கேலி செய்தாலும் செய்யட்டும். அவர் வாயைத் திறக்கும்வரை நீ எதையும் ஓட்டாதே.

மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே, உன் நெஞ்சில் மாட்டுகிற கருவியை சார்ஜ் போட மறக்காதே. போன் செய்யும்போது அப்பாவிடம் இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், சும்மா வேலை எப்படிப் போகிறது என்று கேள், இப்போதெல்லாம் கேட்டால் கொஞ்சம் சொல்கிறார். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மூச்சோடு இருக்கவும், உன்கூட வேலை செய்கிற எல்லோரும் வேலை முடிந்து அவரவர் கட்டிலுக்குத் திரும்பி வருகிறவர்களாக இருக்கவும் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் என்றைக்கும் உண்டு. அந்த ஃபிட்டருக்கு அம்மா இருந்தால் அவளும் இதையேதான் கேட்பாள்.

அவர் என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா